நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி

அன்று காலை சரியாகப் பத்து மணி இருபது நிமிடம். ஆனி மாதத்துத் திங்கட்கிழமை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தக் கட்டிடத்தின் சன்னல்களை எல்லாம் அடித்துக்கொண்டிருந்தது, கூடவே சாரல். குடையை விரித்தால் காற்று பிடுங்கிக்கொள்ளும், மடக்கினால் புடவை நனையும், அந்த மாதிரியான மழை. நான் இதே பெஞ்சில், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே மூலையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் இப்படி நகர்ந்துகொள்ளுங்கள், அந்தப் பக்கத்துக் கால் ஆடும். அன்றைக்கும் ஆடியது. ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன், அவர்களும் ஒவ்வோர் ஆண்டும் தலையாட்டுகிறார்கள்.

நீங்களும் உதவித்தொகைக்குத்தானே வந்திருக்கிறீர்கள்? கையில் கோப்பு இருக்கிறது, முகத்தில் பயம் இருக்கிறது, வேறு எதற்கு வரப்போகிறீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. மேலாளர் தாமோதரன் நல்ல மனிதர். கூட்டம் ஒன்றில் இருக்கிறாராம், வரத் தாமதமாகும். அதுவரை என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். நான் சுருக்கமாகத்தான் பேசுவேன். பொறுமையாக, வேண்டியதை மட்டும் பேசுவது என் வழக்கம்.

என் பெயர் துளசிமணி. இப்போது வரலாறு மூன்றாமாண்டு, உதவித்தொகையைப் புதுப்பிக்க வந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு நாற்பத்தைந்து வயது, முதலாமாண்டில் இடம் கிடைத்து, கட்டணம் கட்ட வழியில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மருந்துக்கடையில் கணக்கு பார்த்தேன். கடை கைமாறியது. புதிதாக வாங்கியவர் பட்டம் படித்தவர்கள்தான் வேண்டும் என்றார். கோபித்துக்கொண்டு என்ன செய்வது? சரியென்று வெளியே வந்து நடந்தேன். நடந்த வழியில் கல்லூரி இருந்தது. பதினெட்டு வயதில் அதே கல்லூரியில் சேர்ந்து, முதல் பருவத் தேர்வுக்கு முன்பே கல்யாணம் செய்துகொண்டு போனவள் நான். வாயிற்காவலரிடம், "விண்ணப்பம் எங்கே கொடுக்கிறார்கள்?" என்று கேட்டேன். "உங்க பிள்ளைக்குங்களா?" என்றார். "எனக்கு" என்றேன். அவர் எழுந்து நின்று வழி காட்டினார். ஏன் எழுந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் கணவர் நாச்சிமுத்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சிறிய கடை, கடைக்குப் பின்னால் அவர் வீடு. ஒரே மகள் நிவேதிதா, பொறியியல் முடித்து ஓசூரில் வேலை பார்க்கிறாள். அவள் படிப்புக்கு வாங்கிய கடனே அப்போது முடிந்திருக்கவில்லை. ஆகவே எனக்கு இந்த அறக்கட்டளையை விட்டால் வேறு கதி இல்லை. இடையில் படிப்பை விட்டவர்கள் திரும்பப் படிக்க உதவி செய்கிறார்கள் என்று கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள். புதன்கிழமைக்குள் அனுமதிக் கடிதம் வரவில்லையென்றால் என் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னார்கள்.

விதிகள் மூன்று. அதோ அந்தப் பலகையில் இருக்கின்றன. முப்பது வயதைக் கடந்திருக்க வேண்டும். அதில் எனக்கு ஐயமே இல்லை. வருமானம் குறைவாக இருக்க வேண்டும், அதிலும் ஐயமில்லை. மூன்றாவது, விண்ணப்பிப்பவர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இருக்க வேண்டும். அந்த வரியில் அன்று இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன. காத்திருந்த நேரத்தில் நானே எழுந்து போய்ப் பேனாவால் திருத்திவிட்டேன். மேலாளர் வந்து பார்த்தார். நன்றி என்றார். முழு மனதோடு சொன்ன மாதிரி தெரியவில்லை.

என் தாள்களைப் புரட்டினார். ஒரு தாளில் நின்றார்.

"மகள் என்ன படிச்சிருக்காங்க?"

பெருமையாகச் சொன்னேன். அதுதான் தவறு. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப உங்க குடும்பத்தின் முதல் பட்டதாரி உங்க மகள் ஆயிட்டாங்களே அம்மா."

பாருங்கள், நான் பெற்று, வளர்த்து, விடியற்காலையில் எழுப்பிவிட்டுப் படிக்கவைத்த பெண், எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்தே அவளுக்குப் போன் செய்து சொன்னேன். "நான் வேணும்னா என் டிகிரியை மூணு வருசத்துக்குத் திருப்பிக் குடுத்துரட்டுமாம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாமே விளையாட்டு. அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

மேலாளர் மறுபடியும் தாள்களைப் பார்த்தார். அப்போதுதான் என் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து அவர் கண்ணில் பட்டது. என் பள்ளிச் சான்றிதழில் நான் கா. துளசிமணி. காலஞ்சென்ற என் தந்தை காளியப்பன். ஆதார் அட்டையில் நா. துளசிமணி. கல்யாணத்துக்குப் பின்னால் கணவரின் எழுத்துக்கு மாறினேன். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், கோப்பைத் திறந்து பாருங்கள். நமக்கெல்லாம் தலைக்கு இரண்டு எழுத்து.

அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நா. துளசிமணியாக வந்தால் என் மகள் முதல் பட்டதாரி, எனக்கு இடமில்லை. கா. துளசிமணியாக வந்தால் என் தந்தையின் குடும்பம். அங்கே யாராவது பட்டம் படித்திருக்கிறார்களா? இல்லை. எங்கள் வீட்டில் நானும் அண்ணனும் மட்டும்தான். அண்ணன் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டார், அவர் மகன் தென்னைநார் ஆலை வைத்திருக்கிறான். அப்படியானால், அந்தக் குடும்பத்தின் மூத்தவர் நேரில் வந்து, இவர் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஏற்றுக்கொள்ளலாம், அறங்காவலரிடம் நான் பேசுகிறேன் என்றார்.

ஒரே ஒரு வரி. அண்ணன் கையெழுத்து. இதைவிட எளிதாக என்ன இருக்க முடியும் என்று நினைத்தேன்.

என் அண்ணன் குழந்தைவேலுவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தங்கமான மனிதர். செங்காட்டுப்பாளையத்தில் தென்னந்தோப்பு. தாராளமான கை. எனக்கு அவர் செய்யாத சீர் இல்லை. வளைகாப்பு, நிவேதிதாவுக்குக் காதுகுத்து, அவள் பெரியவளானபோது தட்டு வரிசை. ஊரே நின்று பார்த்தது. பேச்சிலும் அப்படித்தான், ஊரில் உள்ளதெல்லாம் அவருக்கு 'நம்ம'தான். நம்ம பஸ், நம்ம தாசில்தார், நம்ம மழை. முன்பின் தெரியாதவரிடம்கூட, "நம்ம தோப்புக்கு வாங்க, இளநி குடிக்கலாம்" என்பார்.

என்னிடம் மட்டும் 'எங்க' என்பார். கல்யாணமாகி முதல் தீபாவளிக்குப் போனபோது கவனித்தேன். "எங்க வூட்டுல இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமே அம்மிணி" என்றார். நம் என்றால் கேட்கிறவரும் உள்ளே. எங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே. முந்தைய தீபாவளிக்கு அதே வீடு நம்ம வீடாக இருந்தது. குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான். வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை. மொழியைக் கவனிப்பது என் பழக்கம்.

அன்று மதியமே கணவருடன் மொபெட்டில் கிளம்பினேன். வழியெல்லாம் காற்று, வண்டி ஒரு பக்கமாகவே போனது. என்ன பேசுவது என்று நான் அவருக்கு வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் "ம்" என்றார். என் கணவர் எதற்கும் "ம்"தான். ஒரு காரியத்துக்கும் முன்னால் வந்து நிற்கமாட்டார். அவரை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்பது தனிக்கதை.

அண்ணி ரங்கநாயகி கோழி அடித்துக் குழம்பு வைத்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். நான் மறுபடியும் கல்லூரிக்குப் போவதில் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி. வெற்றிலையை மடித்து வாயில் போட்டவர், அந்த ஒரு வரியைச் சொன்னதும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"அதெப்பிடி அம்மிணி எழுதறது? நீ மாப்ள வூட்டுத் தலைக்கட்டு. இங்க உன்ற பேரு வராதே."

தலைக்கட்டு தெரியுமல்லவா? மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ஊரில் வரி போடுவார்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு என்று. கட்டிக்கொடுத்த பெண் எந்தக் காலத்திலும் பிறந்த வீட்டுக் கணக்கில் வரமாட்டாள். நான் பொறுமையாக விளக்கினேன். இது கோயில் கணக்கு இல்லை, கல்லூரிக் கணக்கு என்றேன். அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கூரையைப் பார்த்தார். பிறகு அண்ணிதான் கேட்டார்.

"ஏனுங்க துளசி, இப்பிடி எழுதிக் குடுத்தா, அதை வெச்சு நாளைக்கு யாராச்சும் தோப்புல பங்கு கேக்க முடியுமுங்களா?"

யாராச்சும் என்றார். அங்கே என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. பாவம், பயந்திருக்கிறார் என்று புரிந்தது. ஆறுதலாக இருக்கட்டுமே என்று உண்மையை எடுத்துச் சொன்னேன். "அண்ணி, பங்கு கேட்க வேண்டுமானால் இந்தக் கடிதம் தேவையே இல்லை. பெண்ணுக்குச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. அப்பா உயிலும் எழுதவில்லை, நான் விடுதலைப் பத்திரமும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தால் புதிதாக எதுவும் ஆகிவிடாது."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியுமா? ஆனால் அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். சில பேருக்கு எவ்வளவு விளக்கினாலும் நிம்மதி வராது.

எனக்குத் தோப்பின்மேல் ஒரு நாளும் ஆசை இருந்ததில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்தக் கிணற்றுக்கு மேற்கே இருக்கிற வரிசையில், கடைசிக்கு முந்தின மரம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதற்கு அடுத்த மரத்துக் காய்தான் அந்தத் தோப்பிலேயே இனிப்பு. அந்த வரிசை முழுக்க நானும் அப்பாவும் நட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு சொன்னார் பாருங்கள், என் அண்ணன் எப்படிப்பட்ட மனிதர் என்பதற்கு அதுவே சாட்சி.

"கடுதாசி எதுக்கு அம்மிணி? மூணு வருசத்து ஃபீஸையும் நானே கட்டிப்போடறேன். அண்ணன் சீர்னு வெச்சுக்க. நாளைக்கே கட்டிறலாம்."

முழுக் கட்டணம். மூன்று ஆண்டுக்கும். வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே எழுந்து கும்பிட்டிருப்பாள். "சீர் வேண்டாம் அண்ணா, கையெழுத்துதான் வேண்டும்" என்றேன். ஏன் என்றார். விதியில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். ஃபீஸ் கட்டியாகிவிட்டால் விதி எதற்கு என்றார். நான் ஒரு கணம் யோசித்தேன். அவர் கேட்டது தர்க்கப்படி சரிதான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டு இன்னொருவரிடம் பணம் வாங்குவது முறையில்லை. எனக்கு வேண்டியிருந்தது உதவித்தொகை மட்டும்தான். வேறு எதுவுமே இல்லை. இதை அன்றைக்கே பல தடவை சொன்னேன்.

"சீர் குடுத்தா வேண்டாங்கறே. சீர் வேண்டாங்கற தங்கச்சிய எங்கயாச்சும் பாத்திருக்கறீங்களா மாப்ள?" என்று அண்ணன் என் கணவரைப் பார்த்துக் கேட்டார். கேட்டால், நாற்காலி காலியாக இருக்கிறது. என் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கிறது, இவர் தோப்பில் மோட்டார் ஓடவில்லை என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்கக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார். நடுப்பேச்சில்! இப்படிப்பட்ட மனிதரை உங்களுக்குத் தெரியுமா? அண்ணனும் இதுதான் சாக்கு என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார்.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம். காற்றில் தென்னை ஓலைகள் அடித்துக்கொள்ளும் சத்தம் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி காபி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் நான் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னாலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பொழுது சாயும்போது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் கையெல்லாம் கிரீசோடு வந்தார்கள். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கை கழுவிக்கொண்டே, தண்ணீரிடம் பேசுகிற மாதிரி, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரோணும்?" என்றார்.

பார்த்தீர்களா? பொறுமையாக, படிப்படியாக எடுத்துச் சொன்னால் எப்படிப்பட்டவருக்கும் மனதில் ஏறிவிடும். நான் சொன்ன வாதங்கள் கிணற்றடிவரை போய் வேலை செய்திருக்கின்றன.

அண்ணி பிற்பாடு ஒரு நாள் வேறு மாதிரி சொன்னார். அவர் காபி கொடுக்கக் கிணற்றடிக்குப் போனபோது, என் கணவர் காயிலைப் பிரித்துக்கொண்டே அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தாராம். "மச்சான், இவளுக்குக் கோவம் வந்தா, எங்க வூட்டுல இப்பிடி இல்லைம்பா. கொழம்பு புளிச்சாலும் எங்க வூட்டுலம்பா. இருவத்தாறு வருசமா அந்த எங்க வூடு எதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் இன்னும் தெரியலீங்க" என்றாராம். மோட்டார் பார்க்கப் போன இடத்தில் மனைவியைக் குறை சொல்வதா? கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. நான் அப்படியெல்லாம் சொல்வதே கிடையாது. எங்கள் வீட்டில் என்னை அப்படி வளர்க்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி வாக்கில் அண்ணன் வந்து சேர்ந்தார். நிச்சயதார்த்தத்துக்கு வருகிற மாதிரி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. கையில் ஒரு தார் செவ்வாழை, இரண்டு குலை இளநீர். வாசலிலேயே உதவியாளர் தடுத்து, இங்கே இதெல்லாம் வாங்கமாட்டோம் என்றார். "உங்களுக்கு யாரு குடுத்தா? இது அம்மிணிக்கு" என்று அண்ணன் எல்லாவற்றையும் இதோ இந்தப் பெஞ்சில், என் பக்கத்தில் வைத்தார். பெஞ்சு ஆடியது.

எழுதுவதற்கு அவரும் இங்கேதான் உட்கார்ந்தார். அட்டை ஒன்றை மடியில் வைத்து, என் பேனாவை வாங்கிக்கொண்டு, "நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றார். நான் சொன்னேன். பெறுநர், பொருள், எல்லாவற்றையும் முறைப்படி சொன்னேன். என் தங்கை கா. துளசிமணி என்றேன், எழுதினார். எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றேன். பேனா நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தோப்பைத்தான் நினைக்கிறாரோ என்று எண்ணினேன். பிறகு குனிந்து, முன்போலவே ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். வாங்கிப் படித்தேன்.

'என் தங்கை கா. துளசிமணி நம் குடும்பத்தைச் சேர்ந்தவர். நம் குடும்பத்தில் இவருக்கு முன் யாரும் பட்டம் படிக்கவில்லை.'

இது பிழை. ஐயமே இல்லாத பிழை. கடிதம் போவது மேலாளருக்கு. அவருக்கு எழுதும்போது எங்கள் என்றுதான் எழுத வேண்டும். நம் என்று எழுதினால் படிக்கிற மேலாளரும் குடும்பத்துக்குள் வந்துவிடுகிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் செய்யாத பிழை. நான் இரண்டு தடவை படித்தேன். மடித்தேன். எழுந்து உள்ளே போய் மேலாளரின் மேசைமேல் வைத்தேன்.

அவர் படித்தார். உதட்டோரம் சிரிப்பு. அண்ணனைப் பார்த்து, "அப்படின்னா நானும் உங்க குடும்பந்தானுங்களா?" என்று கேட்டார். அண்ணனுக்கு அதில் எந்தச் சிக்கலும் தெரியவில்லை. "ஆமாங்க, அதுக்கென்ன, ஒருநாளைக்கு நம்ம தோப்புக்கு வாங்க" என்றார். மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"நேத்து எங்க பலகையில ஒற்றுப்பிழையெல்லாம் திருத்தினீங்களே அம்மா. இதைத் திருத்தலையா?"

"பேனாவில் மை தீர்ந்துவிட்டது" என்றேன்.

உண்மையில் தீர்ந்திருக்கவில்லை. ஆனால் தீரும் நிலையில்தான் இருந்தது. அதுவுமில்லாமல் மறுநாள் கடைசி நாள்; இன்னொரு தாள் வாங்கி, இன்னொரு தடவை எழுதவைத்து, அண்ணனுக்கும் வீண் சிரமம். நேரமில்லாததால் விட்டேன், அவ்வளவுதான். அந்தச் சமயம் பார்த்துக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அன்றைக்குக் காற்று அப்படி.

மேலாளர் அறங்காவலருடன் போனில் பேசினார். ஒரு பக்கம்தான் நமக்குக் கேட்கும். ஆமாம் என்றார், தெரியும் என்றார், மகள் வேறு எழுத்து, இவர் வேறு எழுத்து என்றார், பிறகு சிரித்தார். போனை வைத்துவிட்டு முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். அனுமதிக் கடிதத்தை நான் இரண்டு கையாலும் வாங்கினேன். அண்ணன் அங்கேயே ஓர் இளநீரை வெட்டிவிட்டார், அரிவாளை எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. உதவியாளர் உட்பட எல்லோரும் குடித்தோம். அந்த இனிப்பை வைத்தே எந்த மரத்துக் காய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.  

மறுநாள் காலை என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், மேலாளர் வருகிற நேரமாகிவிட்டது.

மேலாளர், காலையில் வந்ததும் வராததுமாக அந்தப் பலகையில் மூன்றாவது விதிக்குக் கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். எது தம் குடும்பம் என்பதை விண்ணப்பிப்பவரே சொல்லலாம் என்று. அதோ இருக்கிறது, பாருங்கள். 'என்பதைச்' என்று ஒரு ச் கூடுதலாகப் போட்டிருந்தார், அதை மட்டும் பிறகு அடித்துவிட்டேன்.

அண்ணன், பழைய மோட்டார் புதிது மாதிரி ஓடுகிறதே என்று தோப்பு முழுக்கத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, நேரே கோயிலுக்குப் போய், நோம்பிக் கணக்கு எழுதுகிறவரிடம் தங்கச்சி பெயருக்கும் ஒரு தலைக்கட்டு போடச் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு வழக்கமே ஊரில் இல்லை என்றார்களாம். "வரி குடுத்தா வேண்டாம்பீங்களா?" என்றாராம். போட்டுவிட்டார்கள். அன்று முதல் ஆண்டுதோறும் வரி கட்டுவது நான்தான். ஒரு கையெழுத்து வாங்கப் போய் இப்படி ஒரு செலவு.

அண்ணி அதே காலையில் கரூரில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் செய்து, நெடுநேரம் பேசினாராம். என்ன பேசினார் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர்களுக்கு அங்கே வாழைத்தோட்டம் இருக்கிறது.

நிவேதிதா எட்டு மணிக்கே போன் செய்து, பேனா எடுத்தாயா, சாப்பாடு கட்டினாயா, யாராவது கேலி செய்தால் என்னிடம் சொல் என்றாள். வைக்கும்போது, "போய்ட்டு வா, முதல் பட்டதாரி" என்றாள்.

என் கணவர் வழக்கம்போல ஒன்றும் செய்யவில்லை. கல்லூரி வாசலில் மொபெட்டை நிறுத்தி இறக்கிவிட்டார், "ம்" என்றார். கடையைத் திறக்க வேண்டிய நேரத்தில், எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுப்பில்லாத மனிதர்.

நான் இரண்டாவது வரிசையில் சன்னலோரம் உட்கார்ந்தேன். பிள்ளைகள் முதலில் நான்தான் ஆசிரியை என்று எண்ணி எழுந்து நின்றார்கள். உட்காருங்கள் என்றேன், உட்கார்ந்தார்கள். உண்மையான ஆசிரியை வந்தார். என் மகள் வயது இருக்கும். வருகைப் பதிவைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். "கா. துளசிமணி" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் நா. துளசிமணியாகவே கேட்டுப் பழகிய காது, அது யாரையோ கூப்பிடுகிறது என்று சும்மா இருந்துவிட்டது. அவர் தலையை நிமிர்த்தி, இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க, "கா. துளசிமணி?" என்றார்.

நான் எழுந்து நின்று, "உள்ளேன் அம்மா" என்றேன்.